வழிகாட்டியைத் திறந்துவைப்பதா? சிறு தன்னார்வக் குழுவின் முன் நான்கு வழிகள்

பினாங்கில் பத்துப் பதினைந்து பேரை வைத்து ஓடும் தமிழ்த் தன்னார்வக் குழுக்களின் கூட்டங்களில் அண்மைக் காலமாக, மக்களுக்காக எழுதும் வழிகாட்டித் தாள்களை யாரும் திருத்தும்படி பொதுவில் வைப்பதா என்ற ஒரே வாக்குவாதம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பொறியாளர்கள், "லினக்ஸ் எழுதுகிறவர்களைப் போல நாமும் எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வேலை செய்யலாமே" என்கிறார்கள். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், "தம்பி, கண்டவர்கள் கைவைத்துக் கெடுத்தால் பதில் சொல்லப்போவது யார்?" என்கிறார். பிறகு பேச்சு எந்தச் செயலி நல்லது, எது இலவசம் என்று தடம் மாறித் தேநீரோடு கூட்டம் முடிந்துவிடுகிறது.

செயலி இரண்டாம்பட்சம் என்பது என் கருத்து. லினக்ஸ் போன்ற, நிரலை யாரும் பார்த்துத் திருத்திப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருள் உலகத்திடம் நாம் கடன் வாங்க வேண்டியது அதன் வேலைப் பழக்கத்தை. ஒரு திருத்தத்தை யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அதை ஏற்பவர் இன்னார் என்பது முன்கூட்டியே தெரியும். ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் எழுத்தில் நிற்கும். இந்த மூன்றையும் எந்த வழி குறைந்த சிரமத்தில் தருகிறது என்றுதான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எந்த வகைக் குழுவை மனத்தில் வைத்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் பக்கம் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை, குடியுரிமை கிடைக்காமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையை எட்டிவிட்ட பாட்டி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) இழப்பீட்டுக்கு எந்தப் பாரத்தை நிரப்புவது என்று தெரியாத விதவை ஆகியோருக்கு மலாயிலும் தமிழிலும் வழிகாட்டித் தாள் எழுதிக் கொடுப்பார்கள். தேசியப் பதிவு இலாகா முகப்புவரை கூடவே போவார்கள். விதியே சரியில்லை என்று தோன்றினால் மகஜர் (கோரிக்கை மனு) தயாரித்து நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுப்பார்கள். ஆக வேலை மூன்று வகை: வழிகாட்டி, தனிமனிதருக்கு உதவி, கொள்கைக்காகக் குரல் கொடுத்தல். மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு "திறப்பதா, மூடுவதா" என்று கேட்பதால்தான் கூட்டம் முடிவில்லாமல் இழுக்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் முதலில் அகற்றிவிட வேண்டும். திறந்த கூட்டு முயற்சி என்றால் தலைவர் இல்லாத கூட்டம் என்று இரு தரப்புமே நம்புகின்றன. ஒரு தரப்பு அதை விரும்புகிறது, மறு தரப்பு அஞ்சுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில், அதாவது அதன் மையப் பகுதியில், உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் பங்களிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு, அவர் வழியாக அல்லாமல் ஒரு வரிகூட உள்ளே போகாது. கடைசிச் சொல் இன்றும் டோர்வால்ட்ஸுடையதுதான். லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு 1993-இல் பிறந்த டெபியன் இயங்குதளத் திட்டத்தில் எழுதப்பட்ட அமைப்புவிதி இருக்கிறது, ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது. நம் சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைவிட ஒழுங்காகவே நடக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் நிற்கும் தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்க யாரும் வந்து நிற்கலாம், அண்டாவில் உப்புப் போடுகிறவர் ஒருவர்தான். இங்கும் அப்படியே.

தமிழில் இதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் பரவிக் கிடந்த தமிழர்களைச் சம்பளமில்லாமல் ஒன்றுசேர்த்துப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவத்துக்குக் கொண்டுவந்தது. ஒருவர் தட்டச்சு செய்வார், இன்னொருவர் மெய்ப்புப் பார்ப்பார், ஒருங்கிணைப்பவர் வெளியிடுவார். முகம் பார்த்துக்கொள்ளாதவர்கள் சேர்ந்து இலக்கியத்தைக் காப்பாற்ற முடிந்ததென்றால், பிறை ஆற்றின் இக்கரையில் இருப்பவரும் அக்கரையில் இருப்பவரும் சேர்ந்து எட்டுப் பக்க வழிகாட்டியைச் சரியாக வைத்திருக்க முடியாதா?

முதல் வழி: செயற்குழுவும் வாட்ஸ்அப்பும்

இன்று பெரும்பாலோர் இருப்பது இங்கேதான். இதை இழிவாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. எல்லாரிடமும் இருக்கும் கருவி இது. தட்டச்சு வராத மூத்தவர் குரல்பதிவு அனுப்புவார். "அண்ணே, முகப்பில் தாத்தாவின் பழைய பத்திரம் கேட்கிறார்கள்" என்று இலாகாவில் நின்றபடி ஒருவர் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். இந்த வேகத்தை வேறெந்தக் கருவியும் தராது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவு பெற்ற அமைப்புக்குப் பொறுப்பாளர்கள், பொதுக்கூட்டம், ஆண்டறிக்கை எல்லாம் எப்படியும் வேண்டும் என்பதால் செயற்குழு இல்லாமலும் முடியாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் கோப்பு கைமாறிவிட்டால் திரும்பப் பெற முடியாது. அது கோயில் குழுவுக்குப் போகும், அங்கிருந்து தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழுவுக்குப் போகும், இரண்டு ஆண்டு கழித்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து நமக்கே திரும்பி வரும். அதற்குள் விதி மாறியிருக்கும். எடுத்துக்காட்டு வேண்டுமா? கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழலில் 21 வயதுக்குட்பட்டவரைக் குடிமகனாகப் பதிவு செய்ய அரசுக்கு அதிகாரம் தருவது. அந்த வயது வரம்பை 18-ஆகக் குறைக்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியது. திருத்தம் நிறைவேறும் நாள் வேறு, நடைமுறைக்கு வரும் நாள் வேறு. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தாய் கையில் தேதி போடாத தாள் ஒன்று இருந்தால், அதை வைத்துக்கொண்டு அவர் என்ன முடிவெடுப்பார்?

இன்னொரு குறை, ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டம். தொழிற்சாலையில் சுழல்நேர வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அன்று வேலையில் இருப்பார்கள், மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முடிவு கூட்டத்தில்தான் எடுக்கப்படும் என்றால் இவர்கள் நிரந்தரப் பார்வையாளர்கள். பொதுவில் எழுதி வைத்து, அவரவர் நேரத்தில் படித்துப் பதிலளிக்கும் பழக்கம் பினாங்கு போன்ற தொழிற்சாலை மாநிலத்துக்கே பொருந்திய ஒன்று. எனக்குத் திறந்த முறையின் மேல் பற்று வந்தது இந்தக் காரணத்தால்தான், தத்துவத்தால் அல்ல.

இரண்டாம் வழி: முழுமையாக மென்பொருளாளர் பாணி

மென்பொருளாளர்கள் தங்கள் கோப்புகளை மாற்ற வரலாற்றோடு சேமித்துப் பகிரும் கிட்ஹப் போன்ற தளத்தில் வழிகாட்டியின் ஒவ்வொரு வரியையும் வைத்து, திருத்தங்களையும் கேள்விகளையும் அங்கேயே நடத்துவது. மலேசியாவில் இது கேள்விப்படாத ஒன்றல்ல. 2021 ஜூலையில் சுகாதார அமைச்சு கோவிட் தரவுகளை கிட்ஹப்பில் வெளியிடத் தொடங்கியபோது, நாளாந்த எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயவும் பிழையைச் சுட்டிக்காட்டவும் முடிந்தது. நாளிதழில் வரும் ஒற்றை எண்ணை நம்பியிருந்த நமக்கு அது பெரிய மாற்றம்.

இந்த வழியின் வலிமை அதன் நினைவாற்றல். எந்த வரி, எந்த நாளில், யாரால், ஏன் மாற்றப்பட்டது என்பது அழியாமல் நிற்கும். மொழிபெயர்ப்புக்கு வெப்லேட் போன்ற கட்டற்ற கருவியையும் இதோடு இணைக்கலாம். மலாய் மூலத்தில் ஒரு வாக்கியம் மாறினால் அதன் தமிழ் வடிவம் பழையதாகிவிட்டது என்று அது குறியிட்டுக் காட்டும். இரு மொழியில் தாள் வெளியிடும் எவருக்கும் இதன் அருமை தெரியும். நம் தாள்களில் பெரும்பாலான தவறுகள் மொழிபெயர்ப்புத் தவறுகள் அல்ல. மலாயைத் திருத்திவிட்டுத் தமிழைத் திருத்த மறந்தவை.

ஆனாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குழுவில் தமிழ் மெய்ப்புப் பார்க்கத் தெரிந்தவர் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இலாகாவின் நடைமுறை தெரிந்தவர், முப்பது ஆண்டு எழுத்தராக இருந்த அம்மா. சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கு நீதிமன்ற இடைவேளையில் பத்து நிமிடம்தான் கிடைக்கும். இவர்கள் மூவரும் ஆங்கில முகப்புள்ள ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கி, கிளை பிரித்து (தனி நகலில் திருத்தி), அதை மூலத்தில் சேர்க்கச் சொல்லி இணைப்பு வேண்டுகோள் அனுப்பப்போவதில்லை. கடைசியில் என்ன நடக்கும்? விஷயம் தெரிந்தவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், கருவி தெரிந்த இருபத்து நான்கு வயதுப் பிள்ளை ஒருவர் அதைப் பதிவேற்றுவார். கதவு திறந்ததாகத் தோன்றும், சாவி ஒருவர் கையில் இருக்கும். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்த நாளோடு திட்டம் நின்றுவிடும்.

ஒருவர் கையில் சாவி இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை மென்பொருள் உலகமே 2024 மார்ச்சில் கற்றுக்கொண்டது. எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் சிறிய கருவி எண்ணற்ற கணினிகளில் பயன்படுவது, ஆனால் அதைப் பராமரித்தவர் சம்பளமில்லாத, சோர்ந்துபோன ஒரே ஒருவர். உதவி செய்வதாக வந்த முகம் தெரியாத ஒருவர் ஓரிரு ஆண்டு பொறுமையாக நல்ல பங்களிப்புகளைச் செய்து, பொறுப்பில் பங்கு பெற்று, பின்னர் வெளியார் கணினிக்குள் புக வழிசெய்யும் இரகசியக் கதவு ஒன்றை உள்ளே நுழைத்தார். ஆண்டிரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது. நம் வழிகாட்டித் தாளை உளவாளிகள் குறிவைக்கப் போவதில்லை. ஆனால் "எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று களைத்த செயலாளரிடம் சொல்லிக்கொண்டு வரும் அரசியல் ஆர்வலரையோ காசு வாங்கும் ஏஜெண்டையோ நாம் பார்க்காதவர்களா?

மூன்றாம் வழி: பொது ஆவணம், மூன்று காப்பாளர்கள்

என் வாக்கு இதற்குத்தான். கூகுள் டாக்ஸ் போன்ற சாதாரண ஆவணத்தை எவரும் படிக்கும்படியும், திருத்தத்தைப் பரிந்துரையாக மட்டும் எழுதும்படியும் திறந்து வைப்பது. பரிந்துரை ஓரத்தில் நிற்கும். காப்பாளர் ஏற்றால் உள்ளே போகும், மறுத்தால் காரணத்தை எழுதுவார். பழைய வடிவங்கள் தாமாகவே சேமிக்கப்படும். மென்பொருளாளர்களின் இணைப்பு வேண்டுகோள் செய்யும் வேலையில் முக்கால்வாசியை இது செய்துவிடுகிறது, மூத்தவர்களும் கைப்பேசியிலேயே செய்யலாம். கூகுள் வேண்டாம், தரவு நம் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு, நம் சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொள்ளும் நெக்ஸ்ட்கிளவுட் இருக்கிறது. ஆனால் வழங்கியைப் பராமரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் பற்றி மேலே சொன்ன பயம் இங்கும் பொருந்தும். பொதுவெளியில் வைக்கப்போகும் வழிகாட்டிக்காக அவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

கருவியைவிட விதிகள் முக்கியம். காப்பாளர்கள் குறைந்தது மூவர் இருக்க வேண்டும்: ஒருவர் நடைமுறை தெரிந்தவர், ஒருவர் தமிழ் பார்ப்பவர், ஒருவர் சட்டம் பார்ப்பவர். எழுதியவரே தம் திருத்தத்தை ஏற்கக் கூடாது. பரிந்துரை வந்து ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒரு பதில், "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றாவது, போக வேண்டும். புதிய தன்னார்வலர் போய்விடுவது பெரும்பாலும் மறுப்பால் அல்ல, மௌனத்தால். மாதம் ஒருமுறை அப்போதைய வடிவத்தை அச்சு வடிவமாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தேதியையும் புதிய வடிவம் கிடைக்கும் முகவரியையும் போட வேண்டும். அப்போதுதான் சுங்கை சிப்புட்டிலிருந்து திரும்பி வரும் தாளைப் பார்த்தவுடன் இது பழசு என்று எவருக்கும் தெரியும்.

இதோடு பொதுவான வேலைப்பட்டியல் ஒன்று வேண்டும். "வழிகாட்டியை மேம்படுத்துக" என்று எழுதினால் எவரும் தொடமாட்டார்கள். "தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யாவிட்டால் தாமதப் பதிவுக்கு எந்தெந்தச் சாட்சிகள் வேண்டும் என்பதை இலாகாவில் கேட்டு, மூன்றாம் பக்கத்தில் சேர்க்கவும்" என்று எழுதினால் கல்லூரி மாணவி ஒருத்தி ஓர் அரை நாளில் முடித்துக் கொடுப்பாள். கட்டற்ற திட்டங்களில் புதியவர்களுக்கென்று எளிய வேலைகளைத் தனியே குறியிட்டு வைக்கும் வழக்கம் உண்டு. நம் சங்கங்கள் புதியவர்களை நாற்காலி அடுக்கச் சொல்கின்றன. வேலைப்பட்டியலில் பங்களிக்கச் சங்க உறுப்பினராக வேண்டிய அவசியமும் இல்லை. பொறுப்பும் வாக்கும் உறுப்பினர்களுடையவை, உழைப்பு எவருடையதாகவும் இருக்கலாம்.

உரிமம் பற்றி ஒரு சிறு சண்டை வரும், வரட்டும். பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில், பெயர் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிரலாம் என்னும் வகையை எடுத்தால் கிள்ளானில் உள்ள குழு நம் தாளை எடுத்துத் தன் மாவட்ட விவரங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், அனுமதி கேட்டு நம் செயலாளர் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஜெண்டுகள் விற்றுவிடுவார்கள் என்று பொருளாளர் சொல்வார். நியாயமான கோபம். ஆனால் ஏஜெண்டுகள் உரிமத்தைப் படித்துவிட்டு விற்பவர்கள் அல்லர். அந்த நிபந்தனை தடுத்து நிறுத்துவது தமிழ் நாளிதழையும் விக்கிப்பீடியாவையும்தான். இலவசமாக எல்லா இடத்திலும் கிடைக்கும் தாளைக் காசு கொடுத்து வாங்குவோர் குறைந்துகொண்டே போவார்கள்.

எதைத் திறக்கவே கூடாது

உதவி கேட்டு வந்தவரின் கதை எந்தப் பொது ஆவணத்திலும் போகக் கூடாது. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். "தாய் தாய்லாந்துக்காரர், தந்தை மாக் மண்டினில் லாரி ஓட்டுகிறார்" என்று எழுதினாலே அந்த வட்டாரத்துக்கு அடையாளம் தெரிந்துவிடும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளை மையமாக வைத்தது, எனவே சிறு அறக்குழுக்கள் பலவற்றை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாமல் போகலாம். அதனாலேயே பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது.

2021 ஜூலையில், கோவிட் முடக்கத்தால் உதவி தேவைப்பட்டவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி ஏற்றிய வெள்ளைக்கொடி இயக்கம் நாடெங்கும் பரவியபோது சம்பல் எஸ்ஓஎஸ், கித்தா ஜாகா போன்ற தளங்கள் உதவி வேண்டுவோரையும் உணவு வங்கிகளையும் வரைபடத்தில் இணைத்தன. முகம் தெரியாதவர்கள் அரிசியும் முட்டையும் கொண்டுபோய் இறக்கினார்கள். அவசர காலத்தில் அது சரி, பசித்தவர் தாமே கொடி ஏற்றினார். குடியுரிமை இல்லாதவர் நிலை அப்படிப்பட்டதல்ல. அவர் இருப்பிடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நிற்பது அவருக்கு உதவியும் ஆகலாம், வினையும் ஆகலாம். அந்த முடிவை நாம் எடுக்க முடியாது. ஆகவே தனிமனித உதவிக்கு முதல் வழியே சரி: சிறிய குழு, பூட்டிய கோப்பு, வேலை முடிந்ததும் நகல்களை அழித்தல்.

மகஜர் வழிகாட்டிக்கும் தனிமனித உதவிக்கும் நடுவில் நிற்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எஸ்.எம். முகமட் இட்ரிஸ் தலைமையில் பல பத்தாண்டுகள் அரசை அசைத்தது, திறந்த ஆவணத்தால் அல்ல. ஆய்வு செய்யும் பணியாளர்கள், உறுதியான தலைமை, ஒரே குரல் ஆகியவை அதன் பலம். கோரிக்கையைக் கையெழுத்திடுவது எப்போதும் குறிப்பிட்ட சிலர்தான் என்பதால் அதன் வாசகத்தைப் பொதுவில் இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. முப்பது பேர் சேர்ந்து எழுதிய கோரிக்கையில் முப்பது கோரிக்கைகள் இருக்கும். ஆனால் பின்னிணைப்பைத் திறக்கலாம். சட்டப் பிரிவுகள், டேட்டா.கவ்.மை தளத்தில் அரசே வெளியிடும் எண்கள், நாடாளுமன்றத்தில் அமைச்சர் தந்த பதில்கள் ஆகியவற்றைத் திரட்டுவதும் சரிபார்ப்பதும் பல கைகள் சேர்ந்தால் நன்றாக வரும் வேலை. மகஜர் கொடுத்த மறுநாள் முழுவதையும் வெளியிட்டுவிட வேண்டும், அடுத்த ஊர்க் குழு அதை எடுத்துத் தன் தொகுதி உறுப்பினரிடம் கொடுக்கட்டும்.

நான்காம் வழி: புதிதாகத் தொடங்காமல் சேர்ந்துகொள்வது

இதை யாரும் கூட்டத்தில் முன்மொழிவதில்லை, ஏனென்றால் இதில் பதாகை இல்லை, பொன்னாடை இல்லை. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் குறித்தும் தோட்டங்கள் குறித்தும் அதில் எழுத இன்னும் இடம் கிடக்கிறது. யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடமாக 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இலாகா அலுவலகங்கள், சிகிச்சை நிலையங்கள், சக்கர நாற்காலி ஏறும் வாசல்கள் ஆகியவற்றை யாரும் குறிக்கலாம். மலேசியாவின் சினார் புராஜெக்ட் அமைப்பு அரசு வெளிப்படைத்தன்மைக்காகத் திறந்த தரவுகளோடு வேலை செய்துவருகிறது. இவற்றுக்கென்று விதிகளும் கருவிகளும் அனுபவமும் ஏற்கெனவே உண்டு. ஒரு குறை: விக்கிப்பீடியா கலைக்களஞ்சியம் என்பதால் "இந்தப் பாரத்தை இப்படி நிரப்புங்கள்" என்னும் வகை எழுத்துக்கு அங்கே இடமில்லை. நம் வழிகாட்டியின் இடத்தை அது பிடிக்காது.

ஆகவே நான் கூட்டத்தில் வைக்கப்போகும் முன்மொழிவு இது. வழிகாட்டிக்கு மூன்றாம் வழி. தனிமனித உதவிக்கு முதல் வழி, அதுவும் இப்போதையதைவிடச் சற்று இறுக்கமாக. மகஜரின் வாசகம் செயற்குழுவிடம், சான்றுகள் பொதுவில். மொழிகள் இரண்டிலிருந்து நான்காகப் பெருகினால் மட்டும் வெப்லேட் பற்றி மறுபடி பேசலாம். கிட்ஹப்பை விரும்பும் பொறியாளர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மாதாந்திர அச்சு வடிவத்தை அங்கேயும் ஒரு நகலாகச் சேமித்து வைப்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

மூன்று காப்பாளர்கள் கிடைக்காத குழு என்ன செய்வது? கிடைக்கும்வரை ஆவணத்தைத் திறக்க வேண்டாம். பரிந்துரைகள் பதிலின்றிக் கிடக்கும் ஆவணம், ஆவணமே இல்லாததைவிட மோசம். உதவ வந்தவர் அடுத்த முறை வரமாட்டார். அந்தக் காலத்தில் நான்காம் வழியில் போய்ப் பங்களிக்கலாம், அல்லது ஏற்கெனவே இதே வேலையைச் செய்யும் பெரிய அமைப்பின் வழிகாட்டியைத் தமிழாக்கித் தரலாம். திறக்கிறவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுங்கள்: ஆவணத்தையும் இணைய முகவரியையும் சங்கத்தின் பொது மின்னஞ்சலின் பெயரில் பதிந்து, கடவுச்சொல்லை இரண்டு பொறுப்பாளர்களிடம் கொடுத்து, அந்த இருவர் யார் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.